கல் பொறுக்குதல்

போன வருடம் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை என் மேலாளரிடமிருந்து ஒரு எக்ஸெல் கோப்பு வந்தது. அணியில் என்னைச் சேர்க்காமல் எட்டுப் பேர். கோப்பில் ஆறு வரிசைகள். பெயர், அனுபவம், ‘இவர் ஏன் இன்றியமையாதவர்’ என்று எழுத ஒரு கட்டம். ஏழாவது வரிசையில் கர்சரை வைத்து டைப் செய்து பார்த்தேன். பூட்டியிருந்தது.

போன் போட்டுக் கேட்டேன். “நீ யாரையும் எடுக்க வேணாம்ப்பா. யாரெல்லாம் கண்டிப்பா வேணும்னு மட்டும் எழுது” என்றார். குரலில் அக்கறை இருந்தது. எனக்கும் உண்மையிலேயே நிம்மதியாகத்தான் இருந்தது. நல்லவர்களைத் தேர்ந்தெடுக்கத்தானே சொல்கிறார்கள். அதில் என்ன பாவம் வந்துவிடப் போகிறது?

இருபது நிமிடத்தில் ஆறு பெயர்களை எழுதி அனுப்பிவிட்டேன். காரணங்கள் சுலபமாக வந்தன. முடித்த வேலைகளின் எண்ணிக்கை, கிளையண்ட் பாராட்டு எல்லாம் டேஷ்போர்டிலேயே இருந்தது. மீதி இரண்டு பெயர்களை நான் எங்கும் எழுதவில்லை. மனதுக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த இருவரில் ஒருவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். ஓசூரில் குடியிருந்தார். நான்கு வருடம் நாங்கள் ஒரே காரில் போய் வந்தோம். ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி சுங்கச்சாவடி தாண்டி, சந்தாபுரா நெரிசலில் நின்று நின்று போக வேண்டும். அந்த நெரிசலில்தான் நான் பாதி வேலையைக் கற்றுக்கொண்டேன். அவருடைய வேலை டேஷ்போர்டில் ஏறாத வேலை. புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அடுத்தவர் எழுதிய நிரலைப் பொறுமையாகப் படித்துத் திருத்துவார். ராத்திரி பில்டு உடைந்தால் எழுந்து சரிசெய்வார். இது எதற்கும் அங்கே ஒரு கட்டம் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவரை ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். மதியம் எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. “கல்லிங்ல போயிட்டேன் தம்பி. பேக் ஃபேஸ்.” பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

*

அந்தச் செய்தி வெளியாட்களுக்குப் புரியாது. நாங்கள் செய்தது வாகன உதிரிபாகங்களைத் திரையில் முப்பரிமாணத்தில் காட்டும் மென்பொருள். சேர்ந்த முதல் வாரத்தில் காரில் வரும்போது அவர் டாஷில் கிடந்த ஒரு தீப்பெட்டியை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“எத்தன பக்கம் இருக்கு?”

“ஆறு.”

“எத்தன தெரியுது?”

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளியிலிருந்து எப்படிப் பிடித்தாலும் ஒரே நேரத்தில் மூன்று பக்கத்துக்கு மேல் தெரியாது. மீதி மூன்றும் நமக்கு முதுகு காட்டிக்கொண்டிருக்கும். தெரியாத பக்கத்தை எதற்கு வரைய வேண்டும்? கிராஃபிக்ஸ் அட்டை ஒவ்வொரு முக்கோணத்தையும் பார்த்து, அது கேமராவுக்கு முகம் காட்டுகிறதா முதுகு காட்டுகிறதா என்று கணக்குப் போடும். முதுகு காட்டுவதைத் தள்ளிவிடும். இதற்குப் பெயர் பேக் ஃபேஸ் கல்லிங். பாதிக்குப் பாதி வேலை மிச்சம்.

“அழிக்கிறது இல்ல தம்பி. வரையறது இல்ல, அவ்ளோதான். பொருள் அங்கயேதான் இருக்கு” என்றார் அன்றைக்கு.

அந்த வாட்ஸ்அப் செய்திக்கு நான் பதில் போடவில்லை. என்ன போடுவது? அதற்குப் பதிலாக, என் போன்ற ஆட்கள் கையாலாகாத நேரத்தில் செய்யும் காரியத்தைச் செய்தேன். அகராதியைத் திறந்தேன். ‘கல்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்?

முதல் பொருள்: தேர்ந்தெடுத்தல், சிறந்ததைப் பொறுக்கி எடுத்தல். இரண்டாம் பொருள்: வேண்டாததைப் பிரித்து நீக்குதல், கால்நடைகளில் நலிந்தவற்றைக் கொல்லுதல்.

ஒரே சொல்லில் இரண்டும். எட்டுப் பேரில் ஆறு பேரை எடுத்ததற்கும் அதே சொல். இரண்டு பேர் போனதற்கும் அதே சொல்.

*

இந்தச் சொல்லின் பிறப்பு பூவும் பழமுமாக, அழகாகத்தான் இருக்கிறது. லத்தீனில் ‘லெகெரே’ என்று ஒரு வினை. பொறுக்குவது, சேர்ப்பது என்பது ஆதிப் பொருள். அதிலிருந்து தேர்ந்தெடுப்பது, அதிலிருந்து வாசிப்பது. சிதறிக் கிடக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்ப்பதுதானே வாசிப்பு? ஜெர்மன் மொழியிலும் இப்படித்தான். ‘லேசன்’ என்றால் வாசிப்பது. திராட்சை அறுவடைக்குப் பெயர் ‘வைன்லேசே’.

இந்த லெகெரேயின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏராளம். எலக்ட், செலக்ட், கலெக்ட், லெக்சர். எலிகண்ட் என்ற சொல்லும் அந்த வீட்டுப் பிள்ளைதான். பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுப்பவரின் நேர்த்தி அது. நெக்லெக்ட் இன்னொரு பிள்ளை. பொறுக்காமல் விட்டது, குனிந்து எடுக்காமல் போனது என்பது அதன் உட்பொருள். அலட்சியம் என்பது கெட்டதைச் செய்வதாக இல்லாமல் எடுக்காமல் விடுவதாக அந்த மொழியில் பதிந்திருக்கிறது. இதைப் படித்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

லெகெரேயோடு ‘ஒன்றாக’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘கொல்லிகெரே’ ஆனது. அது பழைய பிரெஞ்சுக்குள் போய்த் தேய்ந்து, அங்கிருந்து இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்து ‘கல்’ என்று நின்றது. இன்றைய பிரெஞ்சில் பூப்பறிப்பதற்கும் பழம் பறிப்பதற்கும் உள்ள சொல் ஏறக்குறைய ‘கொயிர்’ என்று ஒலிக்கிறது. நம் ‘கொய்’யோடு அதற்கு எந்த உறவும் இல்லை, வெறும் தற்செயல்தான். ஆனாலும் முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

பல நூற்றாண்டுகள் இந்தச் சொல் நல்ல இடங்களில்தான் புழங்கியது. பூக்களைக் கொய்வது, நூல்களிலிருந்து நல்ல பகுதிகளைத் தொகுப்பது எல்லாம் கல் செய்வதுதான். ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் அந்த ஏழை மருந்துக்காரன் மூலிகை பறிப்பதற்கும் ஷேக்ஸ்பியர் இதே வினையைத்தான் போடுகிறார். எதைக் கல் செய்தார்கள் என்று கேட்டால், கையில் வந்ததைச் சொல்வார்கள். செடியில் மிச்சம் நின்றதற்குப் பெயரில்லை.

பிறகு இச்சொல் ஆட்டுமந்தைக்குள் போனது. வருடா வருடம் மந்தையைப் பார்த்து, கிழடு தட்டியது, இளைத்தது, இனப்பெருக்கத்துக்கு உதவாதது ஆகியவற்றைப் பொறுக்கி வெளியே எடுப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் அப்படி வெளியே எடுக்கப்பட்ட ஆட்டுக்கே ‘கல்’ என்று பெயர் வந்துவிட்டது. அதே கை, அதே பொறுக்குகிற அசைவு. கண் மட்டும் மாறிவிட்டது. முன்பு கூடைக்குள் வந்ததைப் பார்த்தது, இப்போது வெளியே போனதைப் பார்த்தது.

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் இந்தச் சொல் அடிபட ஆரம்பித்தது 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது. லட்சக்கணக்கான கோழிகளை மூட்டைகளில் போட்டுப் புதைத்தார்கள். அதற்குப் பெயர் கல்லிங். இப்போது ஆட்குறைப்புச் செய்திகளிலும் அதே சொல். பூவில் தொடங்கிய சொல் எங்கள் அலுவலக வாசல்வரை வந்துவிட்டது.

*

ஆங்கிலத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. நம் சமையலறைக்கு வந்தால் இதே கதை இருக்கிறது.

‘விதைக்குக் கதிர் பொறுக்கினான்’ என்றால் நல்ல கதிரை எடுத்து வைத்துக்கொண்டான். ‘அரிசியில் கல் பொறுக்கினாள்’ என்றால் கல்லை எடுத்துத் தூக்கிப் போட்டாள். ஒரே பொறுக்கு. எது வேண்டும், எது வேண்டாம் என்று அந்த வினை தானாகச் சொல்வதில்லை. பொறுக்கி எடுத்த சொற்கள் என்றால் பாராட்டு. பொறுக்கி என்று மட்டும் சொன்னால் வசை. கீழே விழுந்து கிடப்பதை எடுத்துப் பிழைப்பவனைத்தான் அப்படித் திட்டியிருக்கிறோம்.

ஓசூரில் வளர்ந்தவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கும். பக்கத்து வீட்டு தெலுங்குக்கார அத்தை முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ‘ஏரு’ என்பார்கள். ஏருகோ என்றால் உனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள். ஏரிபாரேய் என்றால் பொறுக்கித் தூர எறி. களையெடுப்பதுபோல ஆட்களை நீக்குவதற்குத் தெலுங்குச் செய்திகளில் ‘ஏரிவேத்த’ என்றே எழுதுகிறார்கள். கன்னடத்தில் தேர்வுக்கு ‘ஆய்கெ’. அது நம் ‘ஆய்’ தான். கீரை ஆய்கிறோமே, அந்த ஆய். ஆய்வு, ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் வேர் அதுவே. தொல்காப்பிய உரியியலில் ஆய்தலுக்கு நுணுக்கம் என்ற பொருளைச் சொல்லியிருக்கிறது.

கவனித்தால், நம் மொழிகள் ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன. பொறுக்கிக்கொள், பொறுக்கிப் போடு. வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ‘கொள்’ளும் ‘போடு’வும் கை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலச் சொல்லில் அந்த வால் இல்லை. சூழலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வந்த எக்ஸெல் கோப்பிலும் அந்த வால் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு என்ன கேட்கிறார்கள் என்று புரிந்திருக்கும்.

புரியவில்லை என்பதும் பொய்தான். எட்டில் ஆறு போனால் இரண்டு. நான் பொறியியல் படித்தவன்.

*

அம்மா பதினோரு வருடம் பாகலூர் சாலையில் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை பார்த்தாள். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் என்பதால் ஓசூரின் குளிர் ரோஜாவுக்குத் தோதானது. பாகலூர், பேரிகை, தளி என்று எந்தச் சாலையில் போனாலும் பாலிஹவுஸ்களின் வெள்ளைக் கூரைகள் தெரியும். பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரங்களில் அம்மா வீட்டுக்கு வர ராத்திரி பத்தாகிவிடும். விரல் நுனிகளில் முள் கீறல்கள். கைகளில் பூ வாசம் வராது, பச்சைத் தண்டு வாசம்தான் வரும்.

அவளுக்குக் கிரேடிங் ஷெட்டில் வேலை. அதாவது, ஆதிப் பொருளிலேயே கல் செய்கிற வேலை. வெட்டி வந்த பூக்களைத் தண்டின் நீளப்படி பிரிக்க வேண்டும்: 40 சென்டிமீட்டர், 50, 60, 70. இருபது இருபதாகக் கட்டி அட்டை சுற்ற வேண்டும். தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகம்தான் அதிகம். தண்டு வளைந்திருந்தால், கழுத்து சாய்ந்திருந்தால், இலையில் புள்ளி இருந்தால், வெளியிதழில் பூச்சி கடித்த தடம் இருந்தால், மொட்டு கொஞ்சம் அதிகமாக விரிந்திருந்தால் அது ஏற்றுமதிக்கு ஆகாது. தனிக் கூடை.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அங்கே போயிருந்தேன். அந்தக் கூடையில் கிடந்த பூக்கள் எனக்கு மேசையில் இருந்த பூக்களைவிட அழகாகத் தெரிந்தன. மேசையில் இருந்தவை எல்லாம் இறுக்கமான மொட்டுகள். கூடையில் கிடந்தவைதான் பூவாக இருந்தன.

“இதெல்லாம் எங்க போகும்மா?”

“இங்கதான். மாலை கட்டறவங்க எடுத்துக்குவாங்க. சாமிக்குப் போகும், கல்யாணத்துக்குப் போகும். சிங்கப்பூருக்குப் போகாது, அவ்ளோதான். பூ கெட்டுப்போச்சுன்னா நெனச்ச?”

மாவட்டத்தின் இன்னொரு விளைச்சலிலும் இப்படித்தான். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டிகளில் செந்தூரா, மல்கோவா, அல்போன்சா எல்லாம் வடிவம் பார்த்து, தோல் பார்த்துப் பிரியும். கிளிமூக்கு என்கிற பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் லாரியில் குவியலாகக் கூழ்த் தொழிற்சாலைக்குப் போகும். தோலில் தழும்பு இருந்தால் மேசைக்கு ஆகாது, கூழுக்கு ஆகும். கழிவு என்று தனியாக ஒரு பொருள் பிறப்பதில்லை. எந்தச் சந்தைக்கு ஆகாது என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

இன்னொன்றையும் பார்த்தேன். அம்மாவுடைய கை ஒவ்வொரு பூவையும் தொட்டது. ஆகாது என்று போட்ட பூவையும் ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். கீரை ஆயும்போதும் அப்படித்தான், ஒவ்வொரு தண்டாக. குவியலைப் பார்த்து முடிவெடுக்கிற பழக்கமே அவளிடம் இல்லை. நேரமாகிறது என்று நான் ஒருமுறை ஒரு பிடியை அப்படியே கூடையில் தள்ளியபோது புறங்கையில் ஒரு தட்டு தட்டினாள்.

*

மத்திகிரியில் கோழியியல் படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-இல் தொடங்கியது. அதையொட்டித்தான் கோழியின உற்பத்திக்கான கல்லூரியும் இருக்கிறது. எங்கள் ஊரில் ‘கல்லிங்’ என்ற சொல்லைத் தினமும் வாயில் புழங்குகிறவர்கள் இருந்தால் அவர்கள்தான். இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கப் போனேன்.

அவன் குஞ்சு பிரிப்பதைச் சொன்னான். முட்டைக்கோழி இனத்தில் சேவல் குஞ்சுக்கு வேலையில்லை. முட்டை போடாது, கறிக்கோழிபோலச் சதையும் வைக்காது. அதனால் பொரித்த முதல் நாளே ஆண் எது, பெண் எது என்று பிரித்துவிடுவார்கள். ஒருநாள் குஞ்சைக் கையில் எடுத்து நொடியில் பால் கண்டுபிடிக்கும் வித்தையை ஜப்பானியர்கள் 1920-களிலும் 30-களிலும் வளர்த்தெடுத்தார்கள். ஆண் குஞ்சுகளைப் பல நாடுகளில் அன்றே கொன்றுவிடுவார்கள். ஜெர்மனி 2022 தொடக்கத்தில் அதைச் சட்டப்படி தடை செய்தது.

“இங்க?” என்றேன்.

“நீ சின்ன வயசுல கலர் கோழிக்குஞ்சு வாங்கினதில்லையா?”

வாங்கியிருக்கிறேன். சந்திரசூடேஸ்வரர் தேர்த்திருவிழாவில். மலைக்குக் கீழே கூடை நிறையப் பச்சை, மஞ்சள், ரோஸ் கலர்க் குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும். நான் ரோஸ் வாங்கினேன். பெரிசானால் தினமும் முட்டை போடும் என்று விற்றவர் சொன்னார். அட்டைப்பெட்டியில் பழைய துணி போட்டு, நாற்பது வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு வளர்த்தேன். நான்காம் நாள் காலை ஒருக்களித்துக் கிடந்தது. நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

“அதெல்லாம் பெரும்பாலும் ஹேச்சரில கழிச்ச சேவல் குஞ்சுங்கதான்டா. கலர் அடிச்சுத் தள்ளிவிட்டுருவாங்க. நீ என்ன பண்ணியிருந்தாலும் அது முட்டை போட்டிருக்காது” என்று சிரித்தான்.

முப்பத்தைந்து வயதில் அதைக் கேட்டபோது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தக் கூடையில் இருந்த எந்தக் குஞ்சும் ஒரு தப்பும் செய்யவில்லை. யாரோ ஒருவர் கையில் எடுத்து, ஒரு நொடி பார்த்து, வலது பக்கம் போடாமல் இடது பக்கம் போட்டிருக்கிறார். அந்த ஒருவரையாவது ஒப்புக்கொள்ளலாம், கையில் எடுத்துத்தான் பார்த்திருக்கிறார். நான் அதுகூடச் செய்யவில்லை.

*

அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் சிப்காட்டில் ஒரு உதிரிபாக யூனிட்டில் இருபத்தாறு வருடம் தரப் பரிசோதனையில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் கோ-நோகோ கேஜ் இருக்கும். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பீஸ் ஓகே.

முழுக்கக் கேட்டுவிட்டு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்த ரெண்டு பேருக்கு ரீசன் என்னன்னு எழுதின?”

“எழுத எடமே இல்லப்பா. ஆறு பேருக்குத்தான் எழுதச் சொன்னாங்க.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “எங்க லைன்ல பச்சைப் பெட்டில போடறதுக்கு ஒண்ணும் எழுத வேணாம். சிவப்புப் பெட்டில போடணும்னா டேக் எழுதித்தான் போடணும். என்ன தப்பு, எந்த ஆபரேஷன்ல வந்தது, யார் பாத்தது, கையெழுத்து. நீங்க தலைகீழா பண்ணியிருக்கீங்க” என்றார்.

அவர் அதை ஒரு தத்துவமாகச் சொல்லவில்லை, நடைமுறைத் தவறாகத்தான் சொன்னார். ஆனால் யோசிக்க யோசிக்க அதுதான் விஷயம் என்று பட்டது. உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, அதாவது 10-ஆம் நூற்றாண்டின் குடவோலை விதிகள் இருக்கின்றன. நாமெல்லாம் பள்ளியில் படித்தது. பானையில் ஓலையைப் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது நமக்கு நினைவிருக்கிறது. அந்தக் கல்வெட்டில் எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது வேறு. யார் யார் பெயர் பானைக்குள் போகக் கூடாது என்பதையும், ஏன் என்பதையும் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர், 35 வயதுக்குக் கீழே, 70-க்கு மேலே, வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவர். நியாயமான விதிகள் என்று சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேரின் பெயர் ஓலைக்கே வந்திருக்காது. ஆனால் தள்ளியதற்கான காரணம் சுவரில் இருந்தது. தள்ளப்பட்டவர் போய் நின்று கேள்வி கேட்க ஒரு சுவராவது இருந்தது.

காரணம் எழுத வேண்டுமென்றால் அந்த ஆளை ஒருமுறை முழுசாகப் பார்க்க வேண்டியிருக்கும். எழுத ஆரம்பித்த பிறகு கை நின்றாலும் நிற்கும். அண்ணாவின் பெயருக்கு நேரே நான் என்ன எழுதியிருப்பேன்? ‘மற்றவர்களின் வேலையைச் சரிசெய்வதிலேயே நேரம் போய்விடுகிறது’ என்றா? எழுதிப் பார்த்திருந்தால் அது ஆறாவது வரிசைக்கான காரணம் என்று எனக்கே தெரிந்திருக்கும்.

*

நான்கு மாதம் கழித்து நவம்பரில் அவரைப் பார்க்கப் போனேன். வழக்கமாகக் காருக்காக நிற்கும் டீக்கடை. இதற்குள் அவருக்குக் கோரமங்கலாவில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் குறைவு, போகவர இன்னும் தூரம். நான் ஊரைப் பற்றிப் பேசினேன், மழையைப் பற்றிப் பேசினேன். டீ ஆறியது. பிறகு சொன்னேன்.

“அண்ணா, அந்த லிஸ்ட் நான்தான் குடுத்தேன்.”

“தெரியும்.”

“ஆனா உங்க பேர நான் எழுதலண்ணா. சத்தியமா எழுதல. அவங்க ஆறு பேர மட்டும்தான்…”

“அதான் தம்பி. எழுதல” என்றார்.

நான் சொன்ன அதே சொல்தான். அவர் சொன்னபோது அது வேறு பக்கம் திரும்பி நின்றது. தீப்பெட்டியைத் திருப்பியதுபோல.

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “நானா இருந்தாலும் அந்த டைம்ல அதத்தான் பண்ணியிருப்பேனோ என்னமோ. ஆனா ஒரு போன் பண்ணியிருக்கலாம்” என்றார். பிறகு டீக்கு அவரே காசு கொடுத்தார். நான் நீட்டியதை வாங்கவில்லை.

வள்ளுவரிடம் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஆளைத் தேர்ந்தெடுப்பது ஒன்று, தேர்ந்தெடுத்தவரை வேலையில் வைத்து நடத்துவது ஒன்று. அலுவலகப் பயிற்சி வகுப்புகளில்கூட அவற்றை மேற்கோள் காட்டுவார்கள். தெரிந்தெடுக்காமல் விட்டவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை அந்த டீக்கடையில்தான் நான் கற்க வேண்டியிருந்தது. கல் என்று தமிழில் எழுதினால் படி என்றும் பொருள் வருகிறது. அதில் எனக்கு இப்போது வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை.

*

இந்த வருடம் ஜூனிலேயே கோப்பு வந்துவிட்டது. அணியில் ஏழு பேர், வரிசைகள் ஐந்து. ஆறாவது வரிசை வழக்கம்போலப் பூட்டியிருந்தது.

கோப்பை மூடிவிட்டு மின்னஞ்சலில் ஏழு பெயர்களையும் எழுதினேன். ஒவ்வொருவருக்கும் நான்கைந்து வரி. டேஷ்போர்டில் இருப்பது, இல்லாதது. யாரிடம் யார் சந்தேகம் கேட்கப் போகிறார்கள் என்பது. யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் எந்த இருவர், எதனால், அதனால் நமக்கு என்ன நஷ்டம் என்பது. கடைசியில் என் பெயர். அந்த இரண்டு பத்திகளை எழுத எனக்கு மூன்று இரவுகள் ஆயின. எழுதி முடித்தபோதும் அது சரி என்று தோன்றவில்லை. ஆனால் யார் எழுதியது என்பதில் சந்தேகம் இல்லை. அந்த இருவரிடமும் அனுப்புவதற்கு முந்தின நாள் பேசினேன். ஒருவர் அழுதார். ஒருவர் இப்போதுவரை என்னிடம் பேசுவதில்லை.

மறுநாள் மேலாளர் பதில் போட்டிருந்தார். நன்றி சொல்லியிருந்தார். இது சரியான வடிவத்தில் இல்லை, இணைத்துள்ள கோப்பில் ஐந்து பெயர்களை மட்டும் நிரப்பி அனுப்பவும் என்று கேட்டிருந்தார்.

இன்னும் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது.